சர்க்கரை சேர்க்காமல் பழமும் மூலிகை டீயும் கலந்து வீட்டிலேயே குச்சி ஐஸ் செய்ய முடியுமா?

செய்யலாம், ஆனால் சர்க்கரையே போடாமல் செய்தால் கிடைப்பது குச்சி செருகிய ஐஸ் கட்டி. பிள்ளைகள் ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலும் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் கூடியிருப்பார்கள். கடை ஐஸில் என்ன கலர் கலக்கிறார்களோ என்று பயம். சர்க்கரையும் ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். மே மாதம் வந்தால் என் நாத்தனார் பிள்ளைகளோடு கடலூருக்கு வருவார். ஃப்ரீசரைத் திறந்து பார்த்ததுமே, "என்ன அண்ணி, இவ்வளவு சர்க்கரையா போடுறீங்க?" என்பார். அன்று சாயங்காலம் சில்வர் பீச்சில் அதே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வாங்கித் தருவதும் அவர்தான். இதை எங்கேயாவது சொல்லியே ஆக வேண்டும் என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. சர்க்கரை கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரைப் போலச் சட்டென்று முழுக்க இறுகாது. ஐஸ் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் பாகு இறுகாமல் நிற்கும், அதனால்தான் பல்லில் கடிபடுகிறது. இன்னொன்று, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். டம்ளரில் ஊற்றும்போது குடிக்கச் சரியாக இருந்தால், உறைந்த பிறகு சப்பென்று இருக்கும். அரை லிட்டர் டீக்கு நான் ஆறு மேசைக்கரண்டி போடுகிறேன். பழம் நல்ல இனிப்பாக இருந்தால் நாலு போதும். உடனே சிலர் நாட்டுச் சர்க்கரை, தேன் என்று வருவார்கள். போடுங்கள், ருசிதான். ஆனால் அதுவும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூலிகை என்ற பெயரை நம்பிச் சாப்பிட வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

டீயும் அப்படித்தான், குடிப்பதைவிட இரண்டு மடங்கு திடமாக இருக்க வேண்டும். என் கைவசம் செம்பருத்தி. ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்து, காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் அலச வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இதழ்களைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். வடிகட்டினால் கருநீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. அதில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். சாறு விழுந்த இடத்திலிருந்து பளீர் சிவப்பு கிளம்பி அப்படியே பரவும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் இதைச் செய்வேன். ஒரு சொட்டு கலர் பொடி கிடையாது. கர்ப்பிணிகள் மட்டும் செம்பருத்தியைத் தவிர்ப்பது நல்லது. பூஜைக்கு விற்கும் பூவில் மருந்து அடித்திருக்கலாம், அதை வாங்காதீர்கள்.

செம்பருத்தி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாகச் செம்பருத்தி நின்றது. பைக் நிறுத்த இடம் போதவில்லை என்று குடியிருப்போர் சங்கத்தார் ஒரே நாளில் வெட்டிவிட்டார்கள், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப் போனால், "பூ பறிக்கிறது நீங்க மட்டும்தானே" என்றார்கள். நான் மட்டும் பறித்தால் அது செடி இல்லையா? காலையில் அதில் வந்து உட்காரும் தேன்சிட்டுக்கு எந்தச் சங்கத்தில் ஓட்டு இருக்கிறது? இப்போது எதிர்வீட்டு அம்மா தரும் பூவில்தான் காலம் ஓடுகிறது.

சரி, பழத்துக்கு வருவோம். எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் என்பதால் சீசனில் பலா தாராளம். பலாச்சுளையோடு செம்பருத்தி சேராது. சுக்கும் துளசியும் போட்ட டீதான் பொருத்தம். சுளையில் பாதியை டீயோடு அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். முழுக்க அரைத்தால் நார் நாராக வாயில் நிற்கும். செம்பருத்திக்கு மாம்பழம் அருமை. தர்பூசணியில் தண்ணீர் அதிகம், அதனால் புதினா டீயை இன்னும் திடமாக்கிக் குறைவாக ஊற்றுங்கள். நுங்கைப் போட நினைக்காதீர்கள், உறைந்தால் அதன் பதமே போய்விடும்.

அச்சு வாங்க வேண்டும் என்றில்லை, சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். கலவை நன்றாக ஆறிய பிறகு, மேலே ஒரு விரற்கடை விட்டு ஊற்றுங்கள், உறையும்போது கலவை உப்பி மேலே வரும். முதலில் பாதி ஊற்றி, கூழ் பதம் வந்ததும் பழத்துண்டும் குச்சியும் வைத்து மீதியை ஊற்றினால் துண்டுகள் அடியில் தங்காது, குச்சியும் நேராக நிற்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் அக்னி நட்சத்திரத்தில் பகலில் வைக்காதீர்கள். ஆளாளுக்குத் திறந்து திறந்து மூடினால் மெதுவாக உறைந்து உள்ளே பெரிய பெரிய ஐஸ் துகளாகிவிடும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டம்ளரை ஃப்ரீசரின் தரையில் ஒட்டினாற்போல் வையுங்கள். எடுக்கும்போது பச்சைத் தண்ணீரில் சில நொடி முக்கி, குச்சியைத் திருகாமல் நேராக இழுங்கள்.