கேள்வி பதில்: கோயிலுக்கு வெளியே பொதுநிலையினரின் (குருக்களோ துறவியரோ அல்லாத விசுவாசிகளின்) பணி

கேள்வி: திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் போய்வருகிறேன். உடன் வேலை செய்பவர்களில் பலருக்கு மதம் என்றாலே சலிப்பு. "நற்செய்தியை அறிவியுங்கள்" என்று ஞாயிறுதோறும் மறையுரையில் கேட்கிறோம். அலுவலகத்தில் வாய் திறந்தால் மதமாற்றக்காரன் என்று பெயர் வரும். என்னதான் செய்வது?
– வாசகர், களியக்காவிளை

பதில்: உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நட்டாலம். அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசு அலுவலர். தொடர்ந்து வந்த இழப்புகளால் மனம் ஒடிந்திருந்தவரிடம், என்ன ஆயிற்று என்று கேட்டவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. பாதிரியார் அல்ல, உபதேசியாரும் அல்ல, சக ஊழியர். காரணத்தைக் கேட்டறிந்த பிறகு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இதில் வரிசையைப் பாருங்கள். முதலில் எதிரே இருப்பவரின் துன்பம், அடுத்து ஒரு விசாரிப்பு, கடைசியில்தான் அந்தத் துன்பத்துக்குப் பொருந்துகிற வேதக்கதை. நம்மில் பலர் துண்டுப் பிரசுரத்தில் தொடங்கிவிடுகிறோம். விசாரிப்பு வருவதே இல்லை.

உங்கள் நிலைமையில் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது நேர்மை. பயணப்படியில் ஓடாத கிலோமீட்டரை எழுதாதீர்கள். இன்னொருவர் செய்த வேலைக்கு உங்கள் பெயரைப் போடாதீர்கள். "நீ ஏன் இப்படி?" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். இரண்டாவது, கேட்டால் இரண்டு நிமிடத்தில், உங்களைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள்: "நான் இதை நம்புகிறேன், அதனால் இப்படிச் செய்கிறேன்." பேதுருவின் முதல் மடல் 3:15 சொல்வதும் இதைத்தான்: விளக்கம் கேட்பவருக்கு விடை சொல்ல ஆயத்தமாக இரு, ஆனால் பணிவோடு. மூன்றாவது ஒரு தடை. உங்களிடம் லீவு கேட்டு நிற்பவரிடமும், உங்கள் கையெழுத்தால் சம்பள உயர்வு பெறுபவரிடமும் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. விசுவாசத்தைப் பரப்பும்போது கட்டாயத்தின் சாயல்கூட விழக்கூடாது, ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் இன்னும் கவனம் வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வசனம் போடுவதையும் நிறுத்துங்கள். அதை யாரும் படிப்பதில்லை.

ஞாயிறு ஷிப்ட் விழுந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே (பூசை) ஞாயிறு கடனைத் தீர்க்கும். லத்தீன், மலங்கரை, சீரோ மலபார் என எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையானாலும் செல்லும். மொழி மலையாளமாக இருந்தாலும் தடையில்லை.

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) 28 குடும்பங்கள். கூட்டம் என்றால் ஜெபமாலை, கட்டஞ்சாயா, வரவு செலவு வாசிப்பு. அதோடு சரி. இளைஞர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.
– அன்பியப் பொறுப்பாளர், மேல்புறம்

பதில்: ஜெபமாலையை விட வேண்டாம், பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் நற்செய்திப் பகிர்வின் ஏழு படிகளுக்குப் போகட்டும்: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனதில் பட்ட சொல்லை மும்முறை உரக்கச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்யவேண்டியதைத் தீர்மானித்தல், செபித்தல். பத்துப் பதினைந்து வசனங்களுக்கு மேல் வேண்டாம். மௌனத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக மூன்று நிமிடம் கொடுங்கள். பொறுப்பாளர் மனதுக்குள் எண்ணினால் நாற்பது நொடியிலேயே "சரி, பகிரலாம்" என்றுவிடுவார்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஐந்தாம் படியில் யாராவது ஒருவர் (பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்) பிரசங்கம் தொடங்கிவிடுவார். "என்னைத் தொட்ட சொல்…" என்றுதான் பேச்சு ஆரம்பிக்க வேண்டும், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மறுப்போ விளக்கமோ சொல்லக்கூடாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். ஆறாம் படி வருவதற்குள் சாயா வந்துவிடும். அதோடு அது போயிற்று. ஆனால் அன்பியத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது அந்த ஒரு படிதான். ஒரு நோட்டு போடுங்கள். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று மூன்று பத்தி. "ஏழைகளுக்கு உதவுவோம்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "கை முறிந்த ரப்பர் பால்வெட்டுக்காரரின் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு திருத்த வேண்டும், இருவர் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குத் துணை போவது" என்று எழுதுங்கள். அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருக்கவேண்டும் என்பதில்லை. அடுத்த கூட்டத்தை இந்த நோட்டைப் படித்துத் தொடங்குங்கள். கையில் வேலை கொடுத்தால் இளைஞர் வருவார்கள்; தாலுகா ஆபீஸ் போர்ட்டலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரவு எட்டரைக்குக் கூட்டம் வைக்காதீர்கள். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டும்.

கேள்வி: வெள்ள நிவாரண அரிசிப் பையோடு புதிய ஏற்பாடு ஒன்றும் வைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: வேண்டாம். பொதுநிலையினர் தொடங்கிய இரண்டு சபைகள் இதற்கு வழி காட்டுகின்றன. 1833இல் இருபது வயது மாணவர் பிரெடரிக் ஓசானாம் பாரிசில் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை பொருளுதவி செய்கிறது. 1921இல் அரசு ஊழியர் பிராங்க் டப் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை வீடு வீடாகப் போய் விசுவாசத்தைப் பேசும். பொருளுதவி செய்வதில்லை என்பது அதன் விதி. இரண்டிலும் இருவர் இருவராகத்தான் போகிறார்கள். பொருளுதவியையும் விசுவாசப் பேச்சையும் கலந்தால், வாங்குபவர் அரிசிக்காகத் தலையாட்டுவார். நம் அரிசியும் தூண்டில் இரையாகிவிடும்.

கேள்வி: என் மகனைக் கட்டப்போகும் பெண் இந்து. கல்யாணத்துக்குமுன் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள்.
– ஒரு தாய், கொல்லங்கோடு

பதில்: கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் தேவையில்லை அம்மா. திருச்சபைச் சட்டம் 1086இன்படி ஆயரிடம் விதிவிலக்கு பெற்று, பெண் தம் மதத்திலேயே இருந்தபடி கோயிலில் மணமுடிக்கலாம். தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று உறுதி கொடுக்கவேண்டியவர் உங்கள் மகன். அந்த உறுதியைப் பெண்ணுக்குத் தெரிவித்தால் போதும். கடைசி வாரத்தில் ஓடாமல், சில மாதங்கள் முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணே பின்னாளில் விரும்பினால் அது வேறு. முதலில் அவர் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டறியும் விசாரணைக் காலம், பிறகு திருமுழுக்குப் பயிற்சி. தவக்கால முதல் ஞாயிறு, திருமுழுக்குக்கு ஏற்கும் தேர்ந்தெடுப்புச் சடங்கு; பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு. மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். ஞானத்தாய் பதினாறு வயது நிரம்பிய, விசுவாசத்தில் வாழும் கத்தோலிக்கராக இருக்கவேண்டும். உறவுக்காரி என்பது தகுதி ஆகாது. வழுக்கல் பெரும்பாலும் பாஸ்காவுக்குப் பின்தான். அடுத்த ஐம்பது நாள் ஞானத்தாய் கூடவே கோயிலுக்கு வந்து உட்காராவிட்டால், புதிதாக வந்தவர் கூட்டத்தில் தனியாகிவிடுவார்.

அந்தப் பெண் பட்டியல் சாதியினர் என்றால், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். இதைத் திருமுழுக்குக்கு முன்பே சொல்லுங்கள். மறைத்து வைத்து, பிறகு வேலைவாய்ப்பில் தெரியவந்தால் அது ஏமாற்று.

கேள்வி: பொதுநிலையினர் பூசையில் பிரசங்கம் வைக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: திருப்பலியின் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் (குருவுக்கு அடுத்த நிலையில் திருநிலைப்படுத்தப்பட்டவர்) உரியது. மற்ற வழிபாடுகளில், ஆயர் பேரவையின் விதிகளுக்கு உட்பட்டு அனுமதி பெற்றுப் பேசலாம். ஆனால் பூசைக்கு வராதவர்கள் உட்கார்ந்திருப்பது சாயாக்கடையில். அங்கே பேச அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டாம்.