மரத்தில் ஒரு போர் விமானம்

கேள்வி: மழைக்காலத்தில் பிளைவுட் கதவே ஒட்டு விடுகிறது. இரண்டாம் உலகப் போரில் மரத்தாலான மஸ்கிட்டோ விமானம் நம் நாட்டு ஈரத்தைத் தாங்கியதா?
- மரவேலை செய்யும் வாசகர், ஏற்காடு

பதில்: முதலில் தாங்கவில்லை. காரணம் ஈரம் மட்டுமல்ல.

பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் வடிவமைத்த மஸ்கிட்டோ முதன்முதலில் பறந்தது 1940 நவம்பர் 25 அன்று. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு; நாற்காலி, மேசை செய்த பட்டறைகளிலும் இதன் பாகங்கள் தயாராயின. இரண்டு பிர்ச் மர பிளைவுட் தகடுகளுக்கு நடுவே லேசான பால்சா மரம். உடற்பகுதியை வேர்க்கடலைத் தோடு போல இரண்டு பாதியாக அச்சின் மேல் வளைத்துச் செய்து, வயர்களையும் குழாய்களையும் உள்ளே பொருத்திவிட்டுத்தான் ஒட்டுவார்கள். அருமையான யோசனை!

இரண்டு மெர்லின் எஞ்சின்கள், இரண்டே பேர். வேகத்தையே கவசமாக நம்பிய துப்பாக்கியில்லாத குண்டுவீச்சு விமானம், உளவுப்படம் எடுப்பது, ரேடாரோடு இரவுச் சண்டை என எல்லா வேலையும் பார்த்தது. 1944 பிப்ரவரி 18 அன்று ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் அமியான் சிறைச் சுவரையும், கைதிகள் தப்பிக்கத் தகர்த்தது.

அதே 1944இன் பிற்பகுதியில் இந்தியாவில் இறக்கைகள் பறக்கும்போதே முறிந்தன. விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. முதலில் பழி பசைமேல் விழுந்தது. ஆராய்ந்தபோது இறக்கையின் முதுகுச் சட்டத்தில் இணைப்புகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தது தெரிந்தது. இடைவெளி இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. இறக்கையின் மேல்தகட்டு இணைப்பின் மேல் பிளைவுட் பட்டை ஒட்டி, ஈரம் புகாமல் அடைத்தார்கள்.

உங்கள் கதவிலும் முதலில் விளிம்பு இழைப்பையும் கிளாம்ப் அழுத்தத்தையும் பாருங்கள்.