விலகல் கடிதம் கொடுத்தால் அம்மா பேசுவாரா?

விலகல் கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும், விலகுவதாக எழுதித் தரும்படி சபையை நடத்தும் மூப்பர்கள் நெருக்குவதாகவும், அந்தப் பிரிவில் இருக்கும் அம்மாவின் பேச்சு நின்றுவிடக் கூடாது என்பதே உங்கள் கவலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகாமல் இருப்பது வேறு, எழுதிக் கொடுத்து விலகுவது வேறு. கடிதம் போய்ச் சேர்ந்தால், இன்னார் இனி யெகோவாவின் சாட்சி அல்லர் என்று அவர்கள் கூடும் இடமான ராஜ்ய மன்றத்தின் மேடையில் ஒரே வரியில் அறிவித்துவிடுவார்கள். 1981 முதல், தாமாக விலகியவரையும் சபைநீக்கம் செய்யப்பட்டவரை, அதாவது தவறுக்காகச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவரைப் போலவே ஒதுக்குகிறார்கள். ஒரே வீட்டில் வாழ்வோரின் அன்றாடப் பேச்சுக்கு விலக்கு உண்டு. தனிக்குடித்தனம் இருக்கும் உங்களுக்கு அது உதவாது.

மூப்பர்கள் கடிதம் கேட்டு நெருக்குவது, விசாரணைக் குழு அமைக்காமலே விஷயத்தை முடித்துவிடலாம் என்பதற்காக இருக்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

உங்களைப் பற்றி அப்படியொரு அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா என்று, இன்னும் உங்களோடு பேசுகிற ஓர் உறவினரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். அம்மாவிடமே கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

நீக்கப்பட்டவருக்குச் சுருக்கமாக வணக்கம் சொல்லலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம் என்று அவர்களின் பத்திரிகையான காவற்கோபுரம் 2024 ஆகஸ்ட் இதழில் தளர்த்தியதை நம்பி அவசரப்படாதீர்கள்; விசுவாசதுரோகி என்று அவர்கள் கருதுவோருக்கு அதுவும் கிடையாது. இன்னொன்று: வேறொரு மதத்தில் வெளிப்படையாகச் சேர்ந்தால், கடிதமே இல்லாமலும் உங்களை விலகியவராகக் கொள்வார்கள்.