குதிரையின் இனத்துக்கு ஏற்பக் குடற்புழு மருந்து மாறுமா?

மாறாது. குடற்புழு நீக்க மருந்து என்பது குதிரையின் வயிற்றில் வாழும் புழுக்களைக் கொல்லும் அல்லது செயலிழக்கச் செய்யும் மருந்து. அது வேலை செய்வது புழுவின் உடலில். உதாரணமாக ஐவர்மெக்டின், புழுவின் நரம்புகளிலும் தசைகளிலும் உள்ள ஒருவகை நுண்வாயில்களைத் திறந்தே வைத்துவிடுகிறது. புழு முடங்கி, இரை எடுக்க முடியாமல் மடிகிறது. பாலூட்டிகளின் உடலில் அந்த வாயில்கள் இல்லை என்பதால் மார்வாரி இனக் குதிரையாக இருந்தாலும் பந்தயக் குதிரையாக இருந்தாலும் சரியான அளவு ஆபத்தில்லை.

மாறுவது எடை. ஐவர்மெக்டினின் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 500 கிலோ பந்தயக் குதிரைக்கு 100 மில்லிகிராம்; 200 கிலோ ஷெட்லாண்டு மட்டக்குதிரைக்கு 40 போதும். உலையில் உப்பைப் பானையின் கொள்ளளவு பார்த்துத்தான் போடுகிறோம், பானை எந்த ஊரில் செய்தது என்று பார்த்தல்ல. கண்மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். மார்புச் சுற்றளவிலிருந்து எடை காட்டும் நாடா விலை மலிவுதான். அளவு குறைந்தால் தாக்குப்பிடித்த புழுக்களே பெருகும்.

மாக்சிடெக்டின் என்ற மற்றொரு குடற்புழு மருந்தின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அது கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறும் மருந்து. எலும்பு தெரியும் குதிரைக்கும் இளங்குட்டிக்கும் தேக்கிவைக்கக் கொழுப்பு குறைவு. அளவு சற்று மிஞ்சினாலும் தள்ளாட்டமும் மயக்கமும் வரலாம். சின்னஞ்சிறு இனங்களில் எடையைத் தவறாகக் கணிப்பதும் எளிது.

அடிக்கடி கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மருந்துக்கு மசியாத புழுக்களையே வளர்க்கிறது, ஆகவே சாணத்தில் முட்டை எண்ணிக்கையைப் பரிசோதித்துக் கால்நடை மருத்துவர் சொல்லும்போது கொடுப்பதே முறை.