வாசகர் கேள்வி: டிக்கெட்டில் ஒரு பெயர், ஓட்டுவது வேறொரு நிறுவனம்

சிறு விமான நிறுவனங்கள், அவற்றின் ஒப்பந்தங்கள், வழக்குகள் பற்றி வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் எங்களுக்கு டெல்டா டிக்கெட் எடுத்து அனுப்பினாள். உள்ளே சின்ன எழுத்தில் ‘இயக்குவது எண்டெவர் ஏர்’ என்று இருக்கிறது. பெரிய நிறுவனம் தானே ஓட்டாமல் ஏன் வேறொருவரிடம் கொடுக்கிறது?
– வாசகி, நாமக்கல்

எண்டெவர் டெல்டாவுக்கே சொந்தமான துணை நிறுவனம். அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு என்வாய், பீட்மாண்ட், பிஎஸ்ஏ என்று மூன்று உண்டு. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்றவை எந்தப் பெரிய நிறுவனத்தின் துணை நிறுவனமும் அல்ல. ஒரே நேரத்தில் பல பெரிய நிறுவனங்களுக்கு ஓட்டிக் கொடுக்கின்றன. விமானத்தின் மேல் அடித்திருக்கும் வண்ணமும் டிக்கெட் எண்ணும் பெரிய நிறுவனத்துடையவை. விமானி, பணிப்பெண், மெக்கானிக் எல்லாரும் சின்ன நிறுவனத்தின் ஊழியர்கள்.

காரணம் சம்பளம். 50 பேர், 76 பேர் ஏறும் விமானத்தைப் பெரிய நிறுவனத்தின் சம்பள விகிதத்தில் ஓட்டினால் ஓர் இருக்கைக்கு விழும் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் இஷ்டத்துக்கு வெளியே கொடுத்துவிடவும் முடியாது. பெரிய நிறுவன விமானிகளின் தொழிற்சங்கங்கள் தங்கள் ஊதிய ஒப்பந்தத்திலேயே ஒரு வேலி போட்டிருக்கின்றன. அதை ‘ஸ்கோப்’ பிரிவு என்பார்கள். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் வெளியே கொடுக்கும் விமானத்தில் அதிகபட்சம் 76 இருக்கை, புறப்படும்போது அதிகபட்ச எடை 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன். இதற்குள் இத்தனை விமானங்கள்தான் என்ற எண்ணிக்கை வரம்பும் உண்டு.

இந்த வேலி விமானத் தயாரிப்பையே வளைத்திருக்கிறது. எம்ப்ரேயர் நிறுவனம் எரிபொருள் குறைவாகக் குடிக்கும் இ175-இ2 என்ற புது மாடலை வடிவமைத்தது. புது எஞ்சின் கனமானது. எடை வரம்பைத் தாண்டிவிட்டது. அதனால் அமெரிக்காவில் அதற்கு இடமில்லை, பழைய இ175தான் இன்றும் விற்கிறது. யுனைடெட் 2019-ல் கொண்டுவந்த சிஆர்ஜே550 என்பதும் புது விமானமல்ல. 70 பேர் உட்காரக்கூடிய சிஆர்ஜே700-ல் இருக்கைகளைக் கழற்றி 50 ஆக்கியது. 70 இருக்கைக் கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது, 50 இருக்கைக் கணக்கில் இடமிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

டிக்கெட் பணம் முழுவதும் பெரிய நிறுவனத்துக்குப் போனால் சின்ன நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது? அவர்களுக்குள் விலைப் போட்டி எப்படி நடக்கிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ‘கொள்ளளவு வாங்கும்’ வகை. விமானம் காலியாகப் போனாலும் நிரம்பிப் போனாலும் சின்ன நிறுவனத்துக்கு ஒரே கூலி. அதில் மூன்று பகுதி. ஒவ்வொரு விமானத்துக்கும் மாதத்துக்கு இவ்வளவு. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் இவ்வளவு. ஒவ்வொரு ‘பிளாக் ஹவ’ருக்கும் இவ்வளவு. நிற்கும் இடத்தைவிட்டு விமானம் நகர்ந்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கும் வரை ஆகும் நேரம்தான் பிளாக் ஹவர். நேரத்துக்குப் போனால் ஊக்கத்தொகை, ரத்துகள் கூடினால் அபராதம். எரிபொருள், விமான நிலையக் கட்டணம் போன்றவை பெரிய நிறுவனத்தின் கணக்கு.

கட்டணத்தைப் பங்கு பிரிக்கும் ‘ப்ரோரேட்’ ஒப்பந்தங்களும் உண்டு. அங்கே காலி இருக்கையின் நஷ்டம் சின்ன நிறுவனத்தின் தலையில்.

போட்டி எங்கே என்று இப்போது புரியும். எரிபொருளில் மிச்சம் பிடித்து விலையைக் குறைக்க முடியாது, அது அவர்கள் கணக்கிலேயே இல்லை. எல்லாரிடமும் அதே எம்ப்ரேயர், அதே சிஆர்ஜே. மிஞ்சுவது சம்பளம், பராமரிப்பு, அலுவலகச் செலவு. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் யார் குறைத்துக் கேட்கிறார்களோ அவர்களுக்கு விமானங்கள் போகும். விமானிக்குச் சம்பளம் பணி மூப்புப்படி ஏறுவதால், நிறுவனம் பழசாகப் பழசாகச் செலவு கூடும். நேற்று தொடங்கிய நிறுவனத்தில் எல்லாரும் முதல் படியில் இருப்பார்கள், மலிவாகக் கேட்க முடியும். ஒழுங்காக நடத்தி ஆட்களைத் தக்கவைத்த நிறுவனமே இதில் தோற்கிறது. எங்களுக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் உறுத்துவது இதுதான்.

சின்சினாட்டியில் மையம் கொண்டிருந்த காம்ஏர் என்ற சின்ன நிறுவனம் இதற்குச் சாட்சி. 2001 மார்ச் 26-ல் அதன் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கி 89 நாள் நீடித்தது; நல்ல ஊதிய ஒப்பந்தம் கிடைத்தது. டெல்டா அப்போது அதன் உரிமையாளர். 2005-ல் இரண்டும் திவால் பாதுகாப்புக்கு, அதாவது கடன்காரர்கள் நெருக்காமல் தொடர்ந்து இயங்க நீதிமன்றம் தரும் பாதுகாப்புக்குப் போயின. பிறகு காம்ஏரின் விமானங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப்பட்டன. செலவு அதிகம், 50 இருக்கை விமானங்கள் பழையவை என்று காரணம் சொல்லி 2012 செப்டம்பர் 29-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அங்கே இருபது வருடம் கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலில் கடைசி ஆள். மூப்பைக் கையோடு கொண்டுபோக முடியாது.

விமானம் ரத்தானதற்காக ஒப்பந்தத்தையே முறித்து, அது நீதிமன்றம் வரை போனது என்று படித்தேன். ரத்துக்கு யார் பொறுப்பு என்பதில் என்ன சிக்கல்?
– வழக்கறிஞர், மதுரை

நீங்கள் படித்தது மேசா – டெல்டா வழக்காக இருக்க வேண்டும். மேசாவும் இப்படி ஓட்டிக் கொடுக்கும் சின்ன நிறுவனம். அதன் துணை நிறுவனம் ஃப்ரீடம், டெல்டாவுக்காக 50 இருக்கை விமானங்களை ஓட்டியது. திட்டமிட்டதில் 95 விழுக்காடாவது பறக்க வேண்டும், ஆறு மாதத்தில் மூன்று மாதம் அதற்குக் கீழே போனால் டெல்டா விலகலாம் என்பது ஒப்பந்தம். 2008-ல் இதைக் காட்டி டெல்டா ஒப்பந்தத்தை முறித்தது.

மேசாவின் பதில்: ரத்துகளில் பலவற்றைச் செய்யச் சொன்னதே டெல்டாதான். நெரிசல் நேரத்தில் மற்ற விமானங்கள் போக வழிவிட்டு, ‘ஒருங்கிணைந்த ரத்து’ என்ற பெயரில் சின்ன விமானங்களை நிறுத்தச் சொல்வார்கள். அவற்றை உங்கள் கணக்கில் எழுத மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள் என்பது அதன் வாதம். அட்லாண்டா கூட்டாட்சி நீதிமன்றம் 2008 மே மாதம் ஒப்பந்த முறிவுக்குத் தடை விதித்தது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது.

இந்த விழுக்காடு எவ்வளவு இறுக்கமானது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 பயணம் என்று வைத்துக்கொண்டால் 50 ரத்து வரை தாங்கும். அதில் 35 பெரிய நிறுவனம் சொல்லி நிறுத்தியவை என்றால், எஞ்சின் கோளாறு, விமானிக்கு உடல்நலக் குறைவு, பனிப்புயல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 15. யாருடைய ரத்து யார் கணக்கில் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் வாய்வார்த்தையில் விடுவதுதான் இத்தகைய வழக்குகளின் விதை. எழுதும்போதே ரத்துக்கான காரணக் குறியீடுகளைப் பட்டியலிட வேண்டும். அந்தக் குறியீட்டை யார் பதிவு செய்வது, மறுப்பு இருந்தால் எத்தனை நாளில் சொல்வது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

தடை வாங்கியும் மேசா தப்பவில்லை. தேவைக்கு மேல் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்ததால் 2010 ஜனவரியில் திவால் மனு போட்டது.

இன்னொரு வகைத் தகராறு, பயணம் குலைந்தபின் பயணிகளுக்கு ஆகும் செலவு. விமானம் ரத்தானதும் ஓட்டல், உணவு, மாற்று டிக்கெட் என்று செலவாகிறதே, அது யாருடையது? இதைச் சொல்லி 2007 டிசம்பரில் டெல்டா, ஸ்கைவெஸ்டுக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் தர வேண்டியதில் சுமார் 2.5 கோடி டாலரைப் பிடித்து வைத்தது. அதுவும் வழக்கானது.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பாதுகாப்பு என்ன ஆகும்?
– வாசகர், சென்னை

2009 பிப்ரவரி 12-ல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். விசாரணையில் விமானிகளின் பயிற்சி, களைப்பு, துணை விமானியின் சொற்பச் சம்பளம் எல்லாம் வெளியே வந்தன. அதன்பின் வந்த சட்டப்படி, 2013 ஆகஸ்ட் முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும்.

அந்த அனுபவத்தோடு குறைந்த சம்பளத்துக்கு வர ஆளில்லை. ரிபப்ளிக் விமானி இல்லாமல் பயணங்களைக் குறைத்தது; 2015-ல் டெல்டா அதன் மேல் வழக்குப் போட்டது; 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் திவால் மனு. 2022-ல் நிலைமை தலைகீழ். அமெரிக்கன் தன் மூன்று துணை நிறுவனங்களிலும் சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்தி, முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்றது. மேசா 100 என்றது. வருமானம் பழைய கூலி விகிதத்தில், சம்பளம் புது விகிதத்தில் என்றால் தாங்குமா? அந்த ஆண்டு இறுதியிலேயே மேசாவும் அமெரிக்கனும் பிரிவதென்று முடிவானது. நீண்டகால ஒப்பந்தத்தில் சம்பள உயர்வுக்கு ஏற்பக் கூலியைத் திருத்தும் பிரிவு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

சேலம் – சென்னை விமானம் 2018-ல் வந்தது, 2021-ல் நின்றது, 2023-ல் திரும்ப வந்தது. இதிலும் இதே கதைதானா?
– வாசகர், ஓமலூர்

பாதி ஒத்துப்போகும். சேலம் விமானம் 2018-ல் வந்தது, சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில். அதில் ஓட்டும் நிறுவனத்துக்கே டிக்கெட் வருமானம் சொந்தம். பாதி இருக்கைகளுக்கு உச்சவரம்புக் கட்டணம். அந்த இழப்பை ஈடுகட்ட மூன்றாண்டு மானியம், வழித்தடத்தில் மூன்றாண்டு தனியுரிமை. யார் குறைந்த மானியம் கேட்கிறார்களோ அவர்களுக்கு வழித்தடம். அமெரிக்காவில் கூலியைக் குறைத்துக் கேட்கிறார்கள், இங்கே மானியத்தை.

குறைத்துக் கேட்டு எடுத்துவிட்டு ஓட்ட முடியாமல் போவதும் நடந்தது. முதல் சுற்றில் 128 வழித்தடங்களில் 84 ஏர் ஒடிசாவுக்கும் ஏர் டெக்கானுக்கும் போயின. 18 இருக்கை விமானங்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு அத்தனையையும் ஓட்ட முடியவில்லை. 2018-ல் பெரும்பாலானவை ரத்து செய்யப்பட்டன. சேலத்தில் ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச்சில் தொடங்கியது. மூன்றாண்டு 2021 மார்ச்சில் முடிகிறது, கொரோனாவும் சேர்ந்துகொண்டது. மானியம் முடியும்போது, கட்டணத்தை ஏற்றினாலும் ஏறிக்கொள்ளும் கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும். தினமும் ஒரு நடை, அதுவும் வேலைக்காரருக்கு ஒத்துவராத நேரம் என்றால் அந்தக் கூட்டம் சேராது.

இப்படிப்பட்ட டிக்கெட்டில் பயணம் செய்பவர் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

‘இயக்குவது’ என்ற வரியையும் விமான மாடலையும் பாருங்கள். இயக்கும் நிறுவனத்தின் பெயரை இணையதளத்தில் தேடல் முடிவு வரும் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மாடல் சிஆர்ஜே200 என்றிருந்தால், கைப்பெட்டி மேல் அலமாரியில் நுழையாது. விமான வாசலில் சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்வார்கள், இறங்கியதும் பெரும்பாலும் வாசலிலேயே தருவார்கள். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர் பேட்டரி மூன்றையும் பெட்டியைக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

ரத்தானால் டிக்கெட் விற்ற பெரிய நிறுவனத்திடமே கேளுங்கள். ‘அது அவர்கள் விமானம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவுக்குள் 3 மணி நேரமோ அதற்கு மேலோ, வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, நீங்கள் பயணத்தை வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. மாற்று விமானத்தையோ வவுச்சரையோ வாங்கிக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். ஆகவே ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தும் முன் பணமா, பயணமா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.