சிபேப் மாட்டிக்கொண்டு தூக்க மாத்திரை போடலாமா? – கேள்வி பதில்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக, மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் சிபேப் மெஷின் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர் தூக்கக் கோளாறுகள் பார்க்கும் நுரையீரல் மருத்துவர்.

சேலம்: டாக்டர், ஸ்லீப் ஸ்டடியில் ஏஎச்ஐ 42 என்று வந்தது. மெஷின் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. மாஸ்க் மாட்டினால் தூக்கமே வரவில்லை. மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று பார்ப்போம். ஏஎச்ஐ 42 என்றால் மணிக்கு 42 தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி, மூச்சு நின்றிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. 30க்கு மேல் போனாலே தீவிரம். மெஷின் சரியாக ஓடும்போது காற்றழுத்தமே தொண்டையைத் திறந்து பிடித்திருக்கும். அந்த நிலையில் குறைந்த அளவு மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு மூச்சை அதிகம் கெடுக்காது. மாஸ்க் கழன்றுவிட்டால் அதே மாத்திரை வேறு மாத்திரை ஆகிவிடும். மூச்சு முட்டும்போது எழுப்பிவிடும் மூளையின் மணியை அது மெதுவாக்கிவிடுகிறது.

ஆகவே கார்டைப் பாருங்கள். மெஷினில் உள்ள எஸ்டி கார்டிலோ போன் ஆப்பிலோ மூன்று எண்கள் போதும்: எத்தனை மணி நேரம் போட்டீர்கள், லீக் எவ்வளவு, மெஷினோடு மிஞ்சிய ஏஎச்ஐ எவ்வளவு. மிஞ்சியது 5க்குக் கீழ் வர வேண்டும். ரெஸ்மெட் மெஷினில் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் மாஸ்க் அளவோ வாயோ பிரச்சினை. காலையில் வாய் வறண்டு எழுந்தால் வாய் வழியாகக் காற்று போகிறது என்று பொருள்.

புதிதாகப் போடுபவர்கள் "பிரஷர் அதிகம், மூச்சு முட்டுகிறது" என்பார்கள். பல சமயம் உண்மை தலைகீழ். ராம்ப், அதாவது அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் வசதி, 4இல் தொடங்குவதால் காற்று போதாமல்தான் முட்டும். தொடக்கத்தை 6க்கு ஏற்றி, மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதியை 2 அல்லது 3இல் வைத்துப் பார்க்கச் சொல்லி மெஷின் அமைத்தவரிடம் கேளுங்கள். கூடவே பகலில் பழக்குங்கள்: டிவி பார்க்கும்போது மாஸ்க் மட்டும் 20 நிமிடம், இரண்டு நாள் கழித்து மெஷினையும் ஓடவிட்டு 20 நிமிடம், அதன்பின் மதியம் படுத்தபடி. முட்டினால் கழற்றலாம், ஆனால் அடங்கியதும் மறுபடி மாட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லை என்றால் மருத்துவர் குறுகிய காலத்துக்கு மாத்திரை தரலாம். 2009இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் 160 பேரை வைத்துப் பார்த்தார்கள். மெஷின் தொடங்கிய முதல் 14 இரவு மட்டும் எசோபிக்லோன் என்ற தூக்க மாத்திரை 3 மி.கி. வாங்கியவர்கள், ஆறு மாதம் கழித்தும் மெஷினை அதிக நேரம் போட்டார்கள். முன்னதாக சோல்பிடெம் என்ற வேறு தூக்க மாத்திரையை வைத்துச் செய்த அதே மாதிரி முயற்சியில் பலன் தெரியவில்லை. அதனால் "ஏதோ ஒரு தூக்க மாத்திரை" என்று கேட்காதீர்கள்.

கோவை: சோல்பிடெம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பத்து மணிக்குப் போட்டுவிட்டு போன் பார்த்தேன், சோபாவிலேயே தூங்கிவிட்டேன். மாஸ்க் போடவே இல்லை.

பதில்: இதற்குத்தான் பயப்படுகிறோம். வரிசை இப்படி இருக்கட்டும். பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். மெஷினின் நீர்த் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். கட்டிலில் உட்கார்ந்து மாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்குங்கள். உடனே மாட்டிப் படுங்கள். மாத்திரை 15 முதல் 30 நிமிடத்தில் வேலை செய்யும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட்டால் தாமதமாகும். "வேலை செய்யவில்லை" என்று இரண்டாவது போடுவது அப்போதுதான் நடக்கும். நடுராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் மறுபடி போடக்கூடாது. ஏழெட்டு மணி நேரம் படுக்க நேரம் இல்லாத இரவில் அதைத் தொடவே வேண்டாம்.

ஈரோடு: மெஷின் போட்டும் தூக்கம் வரவில்லை. மாத்திரை எடுக்கலாமா?

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான். கார்டைப் பாருங்கள்.

மதுரை: எட்டு வருடமாக அல்பிரசோலம் 0.5 போடுகிறேன். இப்போது ஆப்னியா என்று தெரிந்துவிட்டது. இன்று இரவே நிறுத்திவிடவா?

பதில்: வேண்டவே வேண்டாம். எட்டு வருடப் பழக்கத்தை ஒரே நாளில் வெட்டினால் படபடப்பு, நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஆப்னியா என்று சொல்லுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அளவில் குறைத்துக்கொண்டு வருவார். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஒரு இரவுகூட மாஸ்க் இல்லாமல் படுக்காதீர்கள், மதியத் தூக்கம் உட்பட.

நாகர்கோவில்: ஏவில் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

பதில்: அது அலர்ஜி மாத்திரை. மறுநாள் மந்தம், வாய் வறட்சி, வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு. வேண்டாம்.

வேலூர்: மெலடோனின்?

பதில்: மூச்சுக்குப் பெரிய ஆபத்தில்லை. மாஸ்க் தொந்தரவுக்கு அது தீர்வும் இல்லை.

திருச்சி, மருந்தாளர்: டாக்டர், கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள். சோல்பிடெம் ஏஎச்ஐயை உயர்த்துவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. 2011 ஆய்வில் எசோபிக்லோன் ஏஎச்ஐயைக் குறைக்கவே செய்தது.

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், பாதி வரை. மற்றவர்களுக்காக விளக்குகிறேன். தொண்டை அடைபடும்போது மூச்சிழுக்கும் முயற்சி ஓர் அளவைத் தாண்டியதும் மூளை விழித்துக்கொள்ளும். இது விழிப்பு வரம்பு. சிலருக்கு வரம்பு மிகத் தாழ்ந்தது. தொண்டைத் தசை தானே விறைத்துத் திறந்துகொள்ள அவகாசம் கிடைக்கும் முன்பே விழித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் ஏஎச்ஐ குறையலாம். 2011இல் குறைவு அதிகம் தெரிந்தது இவர்களிடம்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் மிக ஆழமாக இறங்குபவர்களை அதில் சேர்க்கவில்லை. குறைந்தது, மறையவில்லை. பிறகு அதற்கு நெருங்கிய உறவான சோபிக்லோனை ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தபோது ஏஎச்ஐ குறையவும் இல்லை. ஆக்சிஜன் 60 சதவீதத்துக்கு இறங்குபவருக்கு அந்த விழிப்புதான் பாதுகாப்பு.

மீண்டும் திருச்சி: அப்படியானால் பென்சோடையசபைனும் சோல்பிடெமும் ஒன்றில்லை என்றாவது சொல்லுங்கள். மக்கள் எல்லாவற்றையும் "தூக்க மாத்திரை" என்று ஒரே பெயரில் கேட்கிறார்கள்.

பதில்: இதில் உங்களோடு முழு உடன்பாடு. அல்பிரசோலம், டையசபாம், நைட்ரசபாம் போன்ற பென்சோடையசபைன்கள் தசையையும் தளர்த்தும்; தொண்டைத் தசைக்கும் விதிவிலக்கில்லை. சோல்பிடெம் மூளையில் பெரும்பாலும் ஒரு வகை ஏற்பியை மட்டுமே பிடிக்கும், தசைத் தளர்வு குறைவு. ஆனால் இருட்டில் பாத்ரூம் போகும் 70 வயதுக்காரர் விழுந்து இடுப்பு உடைப்பதில் இரண்டும் ஒன்றுதான். சோல்பிடெம், அல்பிரசோலம், டையசபாம் எல்லாமே இந்தியாவில் எச் 1 பட்டியலில் இருப்பவை. சீட்டு வாங்கிப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய அட்டையைக் காட்டினால் கொடுக்கும் கடைகள் இருப்பதும் தெரியும்.

தஞ்சாவூர்: நானும் சின்ன சத்தத்துக்கே விழிப்பவன். எனக்கு வரம்பு தாழ்வு போலிருக்கிறது. மெஷினுக்குப் பதில் எசோபிக்லோன் மட்டும் போதுமா?

பதில்: போதாது.

திருச்சி: நான் அப்படிச் சொல்லவில்லையே!

பதில்: நீங்கள் சொல்லவில்லை. அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. நான் அழுத்திச் சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். தஞ்சாவூர்க்காரரே, சத்தத்துக்கு விழிப்பது வேறு, மூச்சு முயற்சிக்கு விழிப்பது வேறு. இரண்டாவதை ஆய்வுப் பதிவை வைத்துத்தான் கணிக்க முடியும்.

திருநெல்வேலி: எங்கள் ஊரில் ராத்திரி கரண்ட் போகும். மாத்திரை போட்டுத் தூங்கும்போது மெஷின் நின்றுவிட்டால்?

பதில்: நல்ல கேள்வி. மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் உண்டு. மூக்கும் வாயும் சேர்த்து மூடும் மாஸ்க்கில், மெஷின் நின்றால் வெளிக்காற்றைத் திறந்துவிடும் வால்வும் உண்டு. அதனால் உடனே மூச்சுத் திணறிப் போகாது. ஆனால் ஆப்னியா திரும்பிவிடும், மாத்திரை போட்டவர் எழுந்திருக்கவும் மாட்டார். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதே வழி. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரும் சூடாகும் டியூபும் இல்லாமல் மெஷின் பெரும்பாலும் 30 வாட் அளவில்தான் இழுக்கும், ஒரு மின்விசிறியைவிடக் குறைவு. சாதாரண வீட்டு பேட்டரியே இரவு தாங்கும். ஹியூமிடிஃபையரை ஓடவிட்டால் பல மடங்கு ஏறும். சைன்வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள், பின்புறச் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் வையுங்கள். இல்லையென்றால் மாறும் நொடியில் மெஷின் நின்றுவிடலாம். வால்வில் காய்ந்த சளி ஒட்டியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கழுவும்போது பாருங்கள்.

புதுச்சேரி: மாத்திரைக்குப் பதில் ஒரு பெக்?

பதில்: வேண்டாம். இரண்டையும் சேர்த்து நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

திண்டுக்கல்: முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டிரமடால், பிரீகாபலின் இரண்டும் தருகிறார்கள். கூடவே தூக்க மாத்திரையும் கேட்டேன். மெஷினில் "சிஏ" என்று புதிதாக எண் ஏறுகிறது.

பதில்: கேட்டதைத் திரும்பப் பெறுங்கள். சிஏ என்பது தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுக்கு உத்தரவு கொடுக்காத நிறுத்தம். டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகள் இதைச் செய்யும். பிரஷரை ஏற்றினால் போகாது, சிலருக்கு அதிகமாகும். ஓபியாய்டோடு பென்சோடையசபைன் சேர்ப்பதற்கு 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் கடுமையான எச்சரிக்கையையே போட்டது. மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு பிரீகாபலின் பற்றி 2019இல் எச்சரித்தது. இன்றே அறுவை மருத்துவரிடம் கார்டு எண்ணைக் காட்டி வலி மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இனி எந்த ஆபரேஷனுக்கும் மெஷினைக் கையோடு எடுத்துப் போய் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்டோஸ்கோபிக்கும் இது பொருந்தும்.

ஓசூர்: எடை 118 கிலோ. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். மாத்திரை...

பதில்: மாத்திரை பேச்சே இப்போது வேண்டாம். கரியமிலவாயு உடலில் தேங்குகிறதா என்று பார்க்க ரத்தத்தில் பைகார்பனேட் பாருங்கள். 27ஐத் தொட்டால் தமனி ரத்தப் பரிசோதனை. தேங்குகிறது என்றால் சிலருக்கு சிபேப் போதாது, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வெவ்வேறு அழுத்தம் தரும் பைபேப் மெஷின் வேண்டியிருக்கும்.

கும்பகோணம்: அமுக்கரா லேகியம் சேர்க்கலாமா?

பதில்: என் துறை இல்லை. சித்த மருத்துவரிடம் கேளுங்கள். ஆப்னியாவையும் மற்ற மாத்திரைகளையும் சொல்லிக் கேளுங்கள்.

கரூர்: மனைவி பயங்கரமாகக் குறட்டை விடுகிறாள். தூக்கமும் சரியில்லை என்கிறாள். சோல்பிடெம் கொடுக்கவா? பரிசோதனை எதுவும் செய்யவில்லை.

பதில்: முதலில் ஸ்லீப் ஸ்டடி. பெண்களுக்கு ஆப்னியா பல சமயம் "தூக்கமில்லை, அசதி" என்றே வெளிப்படும். பெண்களின் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாகத்தான் வெளியேறும். 2013இல் அமெரிக்காவில் அவர்களுக்கான தொடக்க அளவை 10இலிருந்து 5 மி.கி.க்குக் குறைத்தார்கள். காலையில் வண்டி ஓட்டுபவர் என்றால் இன்னும் கவனம்.

விருதுநகர்: டாக்டர், மெஷின் வாங்கி ஒரு வாரம். மாஸ்க் போட்டால் தூக்கம் வரவில்லை. மாத்திரை எடுக்கலாமா?

பதில்: மேலே, முதல் பதில். கார்டையும் எடுத்து வையுங்கள்.