சப்பாத்து, ஊசி, கட்டில்: பயிற்சி முகாமிலிருந்து மகள் எழுதிய கடிதங்கள் (கேள்வி பதில்)

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த பெண்கள் பயிற்சிக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

வெள்ளவத்தை வாசகி: ரீச்சர், அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரிலுள்ள வட கரோலைனா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் பெண் வீரர்களின் கடிதங்களை வாசித்துப் பார்த்தேன். சாப்பாடு, சப்பாத்து, தடுப்பூசி, கட்டில் விரிப்பு, இவ்வளவுதானே இருக்கிறது?

அந்த இவ்வளவுக்காகத்தான் நான் வாசிக்கிறேன் தங்கச்சி. ஐயோவா மாநிலத்தில் போர்ட் டெமொயின் என்று ஒரு பழைய குதிரைப்படை முகாம் இருந்தது. அதிகாரிப் பயிற்சிக்கு முதல் 440 பெண்கள் அங்கே போய் இறங்கியது 1942 யூலை 20. பிறகு ஆட்கள் கூடக்கூட இடம் போதாமல் குதிரை லாயங்களையே திருத்திப் பெண்களைத் தங்கவைத்தார்கள். முதல் குளிர்காலத்தில் பெண்களுக்கான கோட்டுகள் தட்டுப்பாடு, ஆண்களின் கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் அணிவகுத்தார்கள். அதனால் கோட்டின் கை தன் விரலையும் மூடுகிறது என்று ஒருத்தி வேடிக்கையாக எழுதினால், கூப்பிட்ட இராணுவம் உடுப்புக்கூடத் தயார் செய்யாமல் கூப்பிட்டிருக்கிறது என்று நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எழுதாமல் விட்டதையும் பாருங்கள். அந்த 440 பேரில் ஏறத்தாழ 40 பேர் கறுப்பினப் பெண்கள், அவர்களுக்குத் தனி அணி, தனி இருப்பிடம், சாப்பாட்டுக்கும் தனி மேசை. ஒரே வளவுக்குள் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வாரம் மூன்று கடிதம் எழுதியும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையென்றால் அந்த மௌனத்தையும் குறித்துவைக்க வேண்டும். அந்த 40 பேரில் ஒருவர் சாரிட்டி ஆடம்ஸ். 1945இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், படைவீரர்களுக்கு மாதக்கணக்கில் போய்ச் சேராமல் மலையாகக் குவிந்து கிடந்த கடிதங்களைப் பிரித்து அனுப்பிய 6888ஆவது தபால் படைப்பிரிவை, 855 கறுப்பினப் பெண்களை, தலைமை தாங்கி நடத்தியவர் அவர்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

தெகிவளை வாசகர்: தணிக்கை செய்ய மாட்டார்களா?

வெளிநாட்டுக்குப் போன பிறகு செய்வார்கள், சொந்தப் பிரிவின் அதிகாரியே வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார். உள்நாட்டுப் பயிற்சி முகாமில் பொதுவாக அது இல்லை. ஆனால் எழுதுகிறவளே தனக்குத் தணிக்கை செய்துகொள்வாள், அம்மா பயப்படுவாளே என்று. அம்மாவுக்குச் சாப்பாடு நல்லது என்று ஒரு கடிதம், அக்காவுக்கு இரவில் அழுதேன் என்று இன்னொன்று. இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி: பெற்றோர் எப்படிச் சம்மதித்தார்கள்?

பலர் சம்மதிக்கவில்லை. 1943இல் ஊர் வாய் மிக மோசமாகப் பேசியது. இந்தப் பெண்களுக்கு ஒழுக்கம் இல்லை, இராணுவமே கருத்தடைச் சாதனம் கொடுக்கிறது என்று பத்திரிகையில்கூட வந்தது. எதிரி நாட்டுச் சதி என்று நினைத்து விசாரித்தார்கள், கடைசியில் பார்த்தால் வதந்தியைப் பரப்பியதில் பெரும் பங்கு சொந்த நாட்டு ஆண் சிப்பாய்களுக்கு. அந்த மாதங்களின் கடிதங்களில் மகள் திரும்பத் திரும்பத் தேவாலயத்துக்குப் போனேன், ஒன்பதரைக்கு விளக்கு அணைத்துவிடுவார்கள் என்று எழுதினால் அது வெறும் செய்தி இல்லை, ஊருக்கு அப்பா சொல்ல வேண்டிய பதிலை மகளே எழுதிக் கொடுக்கிறாள். அதுவரை இராணுவத்துக்குத் துணைப்படையாக மட்டும் இருந்த இந்தப் பெண்கள் படை அதே ஆண்டு முழு இராணுவப் பிரிவாக மாறியபோது வீட்டுக்குப் போக விரும்பியவர்கள் போகலாம் என்றார்கள். ஏறத்தாழ நால்வரில் மூவர் தங்கிவிட்டார்கள்.

மருதானை வாசகர்: நம் நாட்டோடு தொடர்பு உண்டா?

உண்டு தம்பி. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைக்கு வந்தபோது அமெரிக்கப் பெண் படையினரும் கண்டிக்கு வந்தார்கள். கொழும்பில் அண்டர்சன் நிலையத்தில் பிரித்தானியக் கடற்படைப் பெண்கள் ஜப்பானியச் சமிக்ஞைகளைக் கேட்டு எழுதினார்கள். அது இரகசிய வேலை, வீட்டுக்கு அதை எழுத முடியாது.

கொட்டாஞ்சேனை வாசகி: அம்மம்மா போர்க்காலத்தில் இராணுவ ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவருடைய றங்குப் பெட்டியில் கடிதக்கட்டு ஒன்று கிடைத்தது. என்ன செய்வது?

முதலில் உறைகளை எறியாதீர்கள். நான் சின்ன வயதில் பெரியப்பாவின் கடித உறைகளில் முத்திரையை மட்டும் நனைத்து உரித்தெடுத்துவிட்டு உறைகளைக் குப்பையில் போட்டேன். உள்ளே இருந்த கடிதங்களில் 'செவ்வாய் இரவு' என்று மட்டும்தான் இருந்தது. எந்த ஆண்டு, எந்த ஊர் என்பது தபால் முத்திரைக் குறியோடு போய்விட்டது, இன்றுவரை எனக்கு அது வலிக்கிறது. போர்க்கால உறையில் தணிக்கைக் காகிதம் ஒட்டியிருக்கலாம், அதுவும் ஒரு சாட்சி. அமெரிக்கப் படையினரின் உறைகளில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது, மூலையில் கையால் 'ஃப்ரீ' என்று எழுதியிருக்கும்.

துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். உங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்றும் ஈரமும் காகிதத்தைத் தின்னும், மீதியை இராமபாணப் பூச்சி தின்னும். அமிலமில்லாத தாளில் சுற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் வையுங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பாருங்கள். அதற்கு முன் ஒவ்வொரு கடிதத்தையும் அதன் உறையோடு சேர்த்து, இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள், எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது என்பது மாறாமல்.